இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள்

என் கணவர் லைன்மேன். திருவரங்குளம் வட்டாரத்தில் எந்த ஊரில் மின்சாரம் நின்றாலும் முதலில் அடிப்பது அவருடைய போன்தான். எங்கள் பக்கத்தையே புரட்டிப்போட்ட அந்தப் புயலுக்குப் பிறகு பதினெட்டு நாள் வீட்டுக்கு வராமல், இடுப்பளவு சேற்றில் நின்று கம்பம் நட்டவர். உயரமோ இடியோ அவரை அசைத்து நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவருக்கு முடிவெட்டும் கடை நாற்காலியில் பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் பள்ளிக்கூடத்து விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். கடைக்காரர் தன் பைக்கின் பின்னால் அவரை உட்காரவைத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். கழுத்தில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. தலையில் ஒரு பக்கம்தான் வெட்டியிருந்தது.

"அக்கா, அண்ணனுக்கு நெஞ்சு என்னமோ பண்ணுதாம். திடீர்னு எந்திரிச்சு ரோட்டுக்கு ஓடிட்டாக. வெரசா ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

ஆட்டோவில் போகும்போது அவர் என் கையை விடவே இல்லை. உள்ளங்கை சில்லென்று நனைந்திருந்தது. "மூச்சு முட்டுது. வெரலெல்லாம் மரத்துப் போச்சு. புள்ளையப் பாத்துக்க" என்றார். அப்போது எங்கள் மகள் ஆறாம் வகுப்பில் இருந்தாள்.

புதுக்கோட்டையில் ஈசிஜி எடுத்தார்கள். நன்றாக இருந்தது. வாயுவாக இருக்கும் என்று ஓர் ஊசி போட்டு அனுப்பினார்கள். வீடு வந்து சேர்வதற்குள் அவருக்கு எல்லாம் சரியாகிவிட்டது. அன்று மாலை நாங்கள் இருவரும் அதைச் சொல்லிச் சிரித்தோம்கூட.

பத்து நாள் கழித்து, இலுப்பூர் போகும் பஸ்ஸில் திரும்ப வந்தது. பிறகு ரேஷன் கடை வரிசையில். அதற்கும் பிறகு, ஒன்றுமே நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே. ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். திருச்சிக்குப் போய் எக்கோ எடுத்தோம், டிரெட்மில்லில் ஓடவைத்துப் பார்த்தார்கள், வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். எங்கே போனாலும் இதயம் நன்றாக இருக்கிறது, ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள். ஒருவர் மட்டும், டென்ஷனைக் குறையுங்கள் என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதைப் போட்டால் அரை மணி நேரத்தில் அடங்கியது. அன்றிலிருந்து அந்த மாத்திரை அட்டை இல்லாமல் அவர் வாசல்படி தாண்டுவதில்லை.

"ஒண்ணுமில்லன்னா அப்ப எனக்கு வர்றது என்ன?" என்று ஒருநாள் கேட்டார்.

கம்பம் ஏறுவதை நிறுத்தினார். முழங்கால் வலி என்று காரணம் சொல்லி, சப்ஸ்டேஷனில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றிக்கொண்டார். தாடி வளர்ந்தது. நான் என் பங்குக்குச் சமாளித்தேன். தண்ணீர் பாட்டில், மாத்திரை, ஈசிஜி காகிதங்கள் எல்லாம் போட்டு ஒரு பை வைத்திருந்தேன். பஸ்ஸுக்குப் பதில் பைக்கில் போகலாம் என்பேன். விசேஷ வீடுகளுக்கு நான் மட்டும் போய் ஒரு பொய் சொல்லிவிட்டு வருவேன். அவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நான்காவது முறை போனபோது பணியில் இருந்தவர் ஒரு பெண் டாக்டர். என் மாணவி என்று சொல்லலாம், அவ்வளவு இளம் வயது. அன்றும் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். ஆனால் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வந்தா எவ்வளவு நேரம் சார் இருக்கு?"

"பத்து நிமிஷம், கால் மணி நேரம் இருக்கும்."

"வராத நேரத்துல, திரும்ப வந்துருமோன்னு நெனச்சுக்கிட்டே இருக்கீங்களா?"

"எப்பவும் அதே நெனப்புத்தான்."

"அதுக்குப் பயந்து எங்கெங்க போறத நிறுத்தியிருக்கீங்க?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தார். முடிவெட்டும் கடை. பஸ். கோயில் கூட்டம். மகளின் பள்ளிக்கூடக் கூட்டம். தனியாக வீட்டில் இருப்பது. கம்பம். சட்டைக் காலர் பட்டன் போடுவதைக்கூட நிறுத்திவிட்டாராம். பக்கத்திலேயே இருந்த எனக்குப் பாதி தெரியாது.

"இது உங்க கற்பனை இல்ல சார். படபடப்பும் நெசம், மூச்சு முட்டறதும் நெசம். ஆனா ஹார்ட்ல இருந்து வரல" என்றார் டாக்டர். தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். அவற்றிலும் கோளாறு இல்லை என்றால் இது பேனிக் டிஸார்டராக, அதாவது திடீர் திடீரென்று பயம் தாக்கும் நோயாக இருக்கலாம் என்றும், மனநலப் பிரிவு டாக்டர்தான் உறுதி செய்ய வேண்டும் என்றும் சொல்லிச் சீட்டு எழுதித் தந்தார். எங்களோடு பேசிய அந்தக் கால் மணி நேரத்தில் டாக்டரைத் தேடி மூன்று முறை ஆட்கள் வந்தார்கள். "இதோ வாரேன்" என்றாரே தவிர எழுந்திருக்கவில்லை. இன்றும் அவரை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் அந்தச் சீட்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். "அந்தப் பக்கம் போனா ஊர்ல என்ன சொல்லுவாங்க?" என்றார். ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்தன. எல்லாம் சரியாகவே இருந்தன. நான் வற்புறுத்தவில்லை. என் அனுபவத்தில் அவரைத் தள்ளி எதையும் செய்யவைக்க முடியாது. இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் சீட்டோடு நின்றார். "லீவு சொல்லிரு. போவோம்" என்றார்.

மனநல டாக்டர் நடுத்தர வயதுக்காரர், நிதானமாகப் பேசுபவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆபத்து வந்தால் ஓடுவதற்காக உடம்பு தயாராகும் ஏற்பாடு ஒன்று உண்டு, அது ஆபத்தே இல்லாதபோது கிளம்பிவிடுகிறது, அவ்வளவுதான் என்றார்.

"லைன்ல ஃபால்ட் இல்லாமலே பிரேக்கர் ட்ரிப் ஆகுற மாதிரியா டாக்டர்?" என்று கேட்டார் என் கணவர்.

டாக்டர் சிரித்துவிட்டார். "இத்தனை வருஷமா நான் இவ்வளவு சரியா சொன்னதில்ல."

தினமும் போட மாத்திரை ஒன்று எழுதினார். வேலை செய்யச் சில வாரம் ஆகும், ஆரம்பத்தில் படபடப்பு கொஞ்சம் கூடினாலும் கூடும், நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். பையிலிருந்த பழைய மாத்திரையை ஒரேயடியாக விடாமல் படிப்படியாகக் குறைக்க வைத்தார். கூடவே, பயிற்சிக்காக உளவியலாளர் ஒருவரிடம் அனுப்பினார்.

அந்தப் பயிற்சிகளை முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. படபடப்புக்குப் பயப்படும் மனிதரை மாடிப்படியில் ஏறி இறங்கி ஓடவைத்தார்கள். சுழல் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றினார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, இளநீர் குடிக்கும் ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சு விடச் சொன்னார்கள். பயம் வரட்டும், வந்து தானாகப் போகிறதா இல்லையா என்று பாருங்கள் என்பதுதான் பாடம். அவர் வெளுத்த முகத்தோடு சுற்றிச் சுற்றி வந்து, வேர்வையைத் துடைத்துவிட்டு, "இன்னொரு தடவை" என்பார். புயலில் கம்பம் நட்டபோதுகூட இவ்வளவு துணிச்சலை நான் அவரிடம் பார்க்கவில்லை.

எனக்கும் ஒரு பயிற்சி வந்தது. "மேடம், அந்தப் பையை இனிமே வீட்டுலயே வைங்க" என்றார் உளவியலாளர். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டும் ஒவ்வொரு முறையும், ஏதோ ஆபத்து இருப்பதாகத்தான் அவர் உடம்பு புரிந்துகொள்கிறதாம். அன்று வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு பையைக் கவிழ்த்துக் காலி செய்து, மகளுக்கு ஸ்கெட்ச் பேனா போட்டுக்கொள்ளக் கொடுத்தேன்.

என் கணவர் ஒரு நோட்டில், செய்யப் பயப்படுகிற காரியங்களை வரிசையாக எழுதி, எளிதானதிலிருந்து தொடங்கினார். காலர் பட்டன் ஒரு வாரம். ரேஷன் கடை வரிசை. இலுப்பூர் பஸ்ஸுக்கு என்னையும் கூட்டிப்போனார்; ஆனால் நான் முன்னால் பெண்கள் பக்கம் உட்கார வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த ஒரு மணி நேரமும் என் கழுத்து வலித்தது. இறங்கியதும் பார்த்தேன், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "அன்னவாசல் தாண்டயில வந்துச்சு. எறங்கிரலாமான்னு இருந்துச்சு. எறங்கல" என்றார். டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினோம். மூன்றாவது மாதம் முடிவெட்டும் கடைக்குப் போய், தாடியும் எடுத்துக்கொண்டு வந்தார். டாக்டர் சான்றிதழ் கொடுத்த பிறகு, மேலே ஏறும் வேலையைத் திரும்பக் கேட்டு வாங்கினார்.

நான் எதிர்பாராத ஒன்றையும் செய்தார். முழங்கால் வலி என்று சொன்னது பொய் என்று தன் பிரிவு ஆட்களிடம் சொன்னார். வந்த நோயின் பெயரையும், போன ஆஸ்பத்திரியையும், போடும் மாத்திரையையும் மறைக்கவில்லை. ஒருவர் சிரித்தாராம். இன்னொருவர் மறுநாள் எங்கள் வீட்டுக்கு மனைவியோடு வந்து, தன் மைத்துனருக்கு இப்படித்தான் வருகிறது, எந்தக் கிழமை போனால் டாக்டரைப் பார்க்கலாம் என்று கேட்டார். அந்த மைத்துனரை முதல் நாள் கூட்டிப்போனதும் என் கணவர்தான்.

போன வைகாசியில் ஆவூரில் அவருடன் வேலை பார்ப்பவரின் மகளுக்குக் கல்யாணம். மாதா கோயிலுக்குள் நல்ல கூட்டம். நடு வரிசையில், இரு பக்கமும் ஆட்கள் நெருக்க, நாங்கள் உட்கார்ந்திருந்தோம். பூசை பாதியில் அவருடைய மூச்சு மாறுவது எனக்குக் கேட்டது. தண்ணீர் எடுத்து நீட்ட என் கை துறுதுறுத்தது. மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன். அவர் எழுந்திருக்கவில்லை. எதிரே பார்த்தபடி அப்படியே இருந்தார். சற்று நேரத்தில் தோள்கள் தளர்ந்தன.

"வந்துச்சு. போயிருச்சு" என்றார் என் காதில். பிறகு பொண்ணு மாப்பிள்ளை மோதிரம் மாற்றுவதை எட்டிப் பார்க்கத் தொடங்கினார்.