கேள்வி கேட்கவிட்ட பாஸ்டர்

அறிவு போய்விட்டான்.

கள்ளிக்குப்பத்தில் ஷீட் போட்ட சபை நடத்திய பாஸ்டர் அறிவழகன். நேற்று காலை ஜெபத்துக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்... எழுந்திருக்கவில்லை.

என் மைக் செட் இல்லாமல் ஆவடி முதல் பூந்தமல்லி வரை ஒரு கூட்டம் நடந்தது கிடையாது. என் ஸ்பீக்கரில் ஒருத்தர் இருமினால் கோவில்பதாகை ஏரியில் மீன் துள்ளும். 

இந்தப் பாஸ்டர் ஒரு காலத்தில் கடவுளே இல்லை என்று என் மைக்கில்தான் கத்தினான். ஃபேக்டரி ஷிப்ட் முடிந்ததும் ஆவடி மார்க்கெட் பக்கம் ஸ்டூல் போட்டு ஏறிவிடுவான். பஸ் எல்லாம் நின்று கேட்டுவிட்டுத்தான் போகும். சவுண்டு என்னுடையது, சும்மாவா.

அப்புறம் பைக்கில் விழுந்து இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஒரு வயதான பாஸ்டர் வார்டுக்கு வருவார். நான் பக்கத்தில் இருக்கும்போதே இவன் அவரை மடக்கினான்.

"உங்க சாமி கீதுன்னா, நான் இன்னாத்துக்கு இங்க படுத்துகினு கீறேன்? சொல்லு பெருசு."

அவர் யோசித்தார். "தெரியலப்பா. நாளைக்கு வரேன்."

வந்தார். டிஸ்சார்ஜ் ஆகும்வரை தினமும். கஞ்சி ஊட்டினார், முகம் துடைத்துவிட்டார். இவன் திட்டத் திட்ட வந்தார்.

கொஞ்ச நாளில் இவன் கையில் பைபிள். நான் சிரித்தேன். "இன்னா நைனா, கட்சி மாறிட்ட?"

"பதில் சொன்னவன்லாம் ஒருவாட்டிதான் வந்தான் மாமே. தெரியலன்னு சொன்னவருதான் டெய்லி வந்தாரு."

பாஸ்டர் ஆனதும் பேரை மாற்றச் சொன்னார்கள். மாட்டேன் என்றான். "எங்கப்பா வச்ச பேரு. கர்த்தர் கூப்டா நான்தான்னு எனக்குத் தெரியாதா?"

அவன் சபையில் ஒரு வழக்கம். பிரசங்கம் முடிந்ததும் மைக் ஜனங்களிடம் போகும். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், திட்டலாம். தமிழ்நாட்டிலேயே, ஏன் உலகத்திலேயே, வேறு எந்தச் சபையிலும் இது கிடையாது என்று அடித்துச் சொல்வேன்.

நான் விபூதி வைக்கிற ஆள். மைக் செட்டுக்காகத்தான் போவேன். ஆனாலும் முதல் கேள்வி என்னுடையதாகத்தான் இருக்கும். பல வாரம் அவனைத் திணறடித்திருக்கிறேன்.

என் சம்சாரம் சரோஜா நோயில் படுத்தபோது உபவாசம் இருந்து ஜெபித்தான். அவள் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் முன்னாலும் மைக்கை வாங்கினேன். "நீ கேட்டும் உன் சாமி ஏன்டா குடுக்கல?"



"தெரியல மாமே," என்றான். மேடையை விட்டு இறங்கி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். அன்றைக்கு ஆராதனை அப்படியே முடிந்தது. கிளம்பும்போது மட்டும் சொன்னான். "நாளைக்கு வரேன்."

வந்தான். என் கடையில் உட்கார்ந்து ஒயர் சுற்றிக் கொடுத்தான். ஒழுங்காகவும் சுற்றத் தெரியாது, நான் மறுபடி பிரித்துச் சுற்றுவேன். சாமி பேச்சே எடுக்கவில்லை. முந்தா நாள் வரைக்கும் வந்தான்...

இன்று அடக்க ஆராதனைக்கு நான்தான் மைக் வைத்தேன். பசங்களைத் தொடவிடவில்லை.

வெளியூர் பாஸ்டர் பேச வந்தார். குள்ளமான மனுஷன். மைக் அவர் தலைக்கு மேலே நின்றது. என் கை பழக்கத்தில் ஸ்டாண்டை அறிவு உயரத்துக்கே ஏற்றி வைத்திருக்கிறது.

"கொஞ்சம் எறக்குங்கண்ணே," என்றார்.

போனேன். திருகைப் பிடித்தேன். இறக்க முடியவில்லை. திருகு சரியாகத்தான் இருந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி, இருக்கட்டும்ணே." அண்ணாந்துகொண்டே ஜெபம் பண்ணி முடித்தார்.

கேள்வி நேரம் மட்டும் யாரும் அறிவிக்கவில்லை. எனக்கு ஒன்று இருந்தது.

ஸ்டாண்டு உன் உயரத்துலயேதான் கீது அறிவு. கழட்டல.

நீ போ... நாளைக்கு நான் வரேன்.