சுரங்கக் காவல்காரன் பேசி முடிக்கும்வரை

என் கணவர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. கள்ளக்குறிச்சியில் வீடு, கச்சிராயபாளையத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வரை அவருடைய எல்லை. ஒவ்வொரு டாக்டரும் அவருக்கு இரண்டு நிமிடம் தருவார். அதற்குள் வணக்கம் வைத்து, மாத்திரையின் மகிமையைச் சொல்லி, ஒரு பேனாவை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

கல்யாணமான புதிதில் இவரோடு கல்வராயன் மலைக்குப் போனேன். பெரியார் அருவியில் வண்டியை நிறுத்தினார், எஞ்சினை அணைக்கவில்லை. மேகம் என்ற இன்னொரு அருவியின் முன்னால் நின்று, "பாத்தாச்சு, ஏறு" என்றார். கரியாலூர் படகுத்துறையில், படகு குறுக்கே போகுமா சுற்றி வருமா என்று விசாரித்தார். சுற்றித்தான் வரும் என்றதும் ஆர்வம் போய்விட்டது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தோம். மலைக்குப் போய் வந்ததற்கு அடையாளமாகக் கொஞ்சம் களைப்பாவது வேண்டுமே என்று நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.

நான் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எனக்குப் பிடித்த கணினி விளையாட்டை நான் இவ்வளவு மெதுவாக ஆடுவதற்கு அதுதான் காரணம் என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு.

அந்த விளையாட்டு ரொம்பப் பழையது. கல்லூரி விடுதியில் ஒரு தோழியின் கணினியில் ஆடத் தொடங்கினேன். நமக்கென்று ஒரு பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டு, ஒரு ராஜ்ஜியத்தைப் பிடித்திருக்கும் சாபத்தைத் தீர்க்கக் கிளம்ப வேண்டும். நான் இன்னும் கிளம்பிக்கொண்டுதான் இருக்கிறேன். வழியில் ஊர் ஊராக ஜனங்கள். ஒருத்திக்கு மருமகள் சரியில்லை. ஒருவனுக்குப் பக்கத்து வயல்காரனோடு வரப்புத் தகராறு. அரண்மனை வாசலில் ஒரு தாடிக்கார மந்திரிக்கு நாட்டைப் பற்றிய கவலை. எல்லாரிடமும் நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்வேன். அலுவலகத்தில் இதே குறைகளைக் கேட்கும்போது எனக்கு இவ்வளவு பொறுமை இருப்பதில்லை என்று சிலர் சொல்லக்கூடும். அங்கே பின்னணி இசை கிடையாது.

அவரும் அதே விளையாட்டை ஆடுகிறவர் என்று தெரிந்தபோது, ஜோசியர் கவனிக்காமல் விட்ட பதினோராவது பொருத்தம் இது என்று நினைத்தேன். ஆடுவதைப் பார்த்தபிறகுதான் ஜோசியர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று புரிந்தது.

அவர் ஆடுவது ஸ்பீட்ரன். ஒரு விளையாட்டை எவ்வளவு சீக்கிரம் முடிக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் முடிப்பது. யாராவது பேச வாயெடுத்தால் ஒரு பொத்தானைத் தட்டி வாயை அடைப்பார். சாலை இருக்க, அதை விட்டுவிட்டுச் சுவரின் குறிப்பிட்ட மூலையில் போய் முட்டிக்கொண்டு மறுபக்கம் வந்து விழுவார். எனக்கு வருடக்கணக்காகியும் மூன்றாம் அத்தியாயம் தாண்டாத ராஜ்ஜியத்தை, குக்கரில் பருப்பு வேகும் நேரத்தில் காப்பாற்றிவிட்டுக் கைகழுவ வருவார்.

"கதை தெரிய வேணாமாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கதையா? அதுல கதை வேற இருக்குதா?" என்றார். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

எனக்கு முடிவு தெரியக்கூடாது என்பதால் அவர் கடைசிக் கட்டத்துக்கு வரும்போதெல்லாம் நான் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் ஒப்பந்தம் இருந்தது.

சென்ற ஆண்டு அவருக்கு ஒரு நேரலை நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. உலகத்தில் அங்கங்கே இருக்கும் அவசரக்காரர்கள் கூடி, ஆளுக்கொரு பழைய விளையாட்டை மற்றவர்கள் பார்க்க முடித்துக் காட்டுவார்கள். நிறுத்தி மறுபடி முதலிலிருந்து தொடங்க முடியாது. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒதுக்கினார்கள். வீட்டில் அன்று மிக்ஸி ஓடக்கூடாது, குக்கர் கூவக்கூடாது. எங்களோடு இருக்கும் மாமியார், களமருதூர்க்காரர், சீரியலைச் சத்தமில்லாமல் பார்த்தார். கதை ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

மதியம் அவர் ஆட ஆரம்பித்தார். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். அவர் கேமராவையும் மைக்கையும் இரண்டு தடவை நகர்த்தி வைத்தார். இரண்டு நிமிடத்துக்கு மேல் தன்னை யாரும் உட்கார்ந்து பார்ப்பது அவருக்குப் பழக்கமில்லை என்று தோன்றியது. பாவமாகத்தான் இருந்தது.

கோட்டைச் சுவரில் முட்டினார். மறுபக்கம் வந்து விழவில்லை. பூமி திறந்து, எங்கேயோ இருட்டுக்குள் போய் விழுந்தார். அங்கேதான் பழக்கதோஷம் வேலை செய்தது. சுவரைத் தாண்டியதும் விளையாட்டைச் சேமிப்பது அவர் வழக்கம். பழைய சேமிப்பின் மேலேயே விழுந்த இடத்தையும் சேமித்துவிட்டார். இனி பின்னால் போக வழியில்லை.

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "இது இன்னா எடம்? நீ போயிருக்கியா?"

"உப்புச் சுரங்கம்ங்க. ஒரு மழைக்காலம் பூரா அங்கதான் இருந்தேன்."

"வெளிய எப்பிடி வர்றது?"

"கதவுகிட்ட ஒரு காவல்காரன் குந்திக்கினு இருப்பான். அவன் சொல்றத முழுசா கேட்டா தொறப்பான்."

அவர் காவல்காரனிடம் ஓடினார். அவன் வாயெடுத்தான். இவர் பொத்தானைத் தட்டினார். அவன் முறைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். இவர் மறுபடியும் தட்டினார். அவன் மறுபடியும் ஆரம்பித்தான். இப்படி ஒரு ஆளை அந்த விளையாட்டில் வைத்தவர் யாரென்று தெரியவில்லை. தெரிந்தால் நன்றி சொல்லுவேன்.

"தட்டாதீங்க. கடைசில கேள்வி வேற கேப்பான்" என்றேன்.

"அவ்ளோத்தையும் யாரு படிக்கிறது? நீயே படி."

நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். திரையில் ஓடிய ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். காவல்காரன் ஒரு கழுதை வளர்த்தான். உப்பு மூட்டை சுமந்த கழுதை, இடது காதில் ஒரு வெட்டு. ஒருநாள் மழையில் மூட்டை கரைந்துபோக, பாரம் இல்லாத முதுகோடு அது எங்கேயோ நடந்து போய்விட்டது. திரும்பி வந்தால் உள்ளே விட ஆள் வேண்டுமே என்றுதான் அவன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். கணவர் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அவசரப்படவில்லை. இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை இனி வாய்க்காது.

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். மாமியார் நின்றுகொண்டிருந்தார்.

"அப்பறம் அந்தக் கழுத இன்னாதான் ஆச்சி?"

"இன்னும் வரல அத்தை."

"தேடிக்கினு போவாம குந்திக்கினு கெடந்தா எப்பிடி வரும்? ஆம்பளைங்க எல்லா ஊர்லயும் இப்பிடித்தானா?" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். அத்தனையும் மைக்கில் போயிற்று.

கடைசியில் காவல்காரன், கழுதையின் எந்தக் காதில் வெட்டு இருந்தது என்று கேட்டான். கணவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார், "எடது காதுடா. இப்பத்தான சொன்னா, இன்னாத்த கேட்டுக்கினு இருந்த?" என்றார். கதவு திறந்தது.

அதன்பிறகு அவர் காற்றாய்ப் பறந்தார். கடைசிக் கட்டம் நெருங்கியதும் வழக்கம்போல நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். துணி அலசிக்கொண்டிருந்தபோது உள்ளே வெற்றி இசை கேட்டது. கொஞ்ச நேரத்தில் மாமியார் புடவையைச் செருகியபடி வேகமாக வந்தார். சீரியலில் கொலைகாரனைக் கண்டுபிடித்த நாட்களில் வரும் நடை.

"அத்தை, சொல்லாதீங்க" என்றேன்.

"எதச் சொல்லப்போறேன்? அந்தத் தாடிக்கார மந்திரி கீறான்ல, அவந்தான் சாபத்தையே வச்சவன். பாத்தா எவ்ளோ நல்லவன் கணக்கா இருந்தான்."

கையில் ஈரத் துண்டோடு நின்றேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது, அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஒப்பந்தத்தில் மாமியார் கையெழுத்துப் போடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த விளையாட்டை முடித்தவர்களில் அன்றைக்கு அவர்தான் மிகத் தாமதம். வெளிநாட்டு அவசரக்காரர்கள் பலர், கதை படித்த பெண்ணும் கட்டிலில் இருந்த அம்மாளும் மறுபடி எப்போது வருவார்கள் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். ஒரு வார்த்தை புரியாமல் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். வேகமாக முடிப்பதை வாழ்க்கைத் தவமாகக் கொண்டவர்கள் அவர்கள். கணவர் அதை எனக்குப் படித்துக் காட்டினார், பாதியைத் தாண்டிவிட்டு.

அவர் மாறிவிட்டார் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். மாறவில்லை. சுவரின் மூலையை இன்னும் துல்லியமாக முட்டப் பழகினார், அவ்வளவுதான். மாமியார்தான் மதியங்களில் சீரியலை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்காருகிறார். "வழில நிக்கிறவங்க எல்லார்கிட்டயும் இன்னா பேச்சு, போய்க்கினே இரு" என்று விரட்டுகிறார். மகனின் அவசரம் எங்கிருந்து வந்தது என்ற சந்தேகம் தீர்ந்தது.

மூன்றாம் அத்தியாயத்தில் மந்திரி தினமும் அரண்மனை வாசலில் நிற்கிறார். போகும்போதெல்லாம் அவரிடம் நாட்டு நடப்பு விசாரிக்கிறேன். சாபத்தை நினைத்துத் தாடியைத் தடவியபடி வருத்தப்படுகிறார். நானும் உடன் வருத்தப்படுகிறேன். எல்லாம் தெரிந்துகொண்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு நிற்பதில் எனக்கு அலுவலகப் பயிற்சி நிறையவே இருக்கிறது.