இப்ராஹிம் பாய் பிரிக்காமல் விட்ட தையல்

திருநெல்வேலி வெயிலில் தோல் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு பைக் ஓட்டுகிறவனைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். சித்திரை மாதத்தில் மனிதன் பனியனையே கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான், இவன் கழுத்துவரை ஜிப் போட்டு மணிமுத்தாறுக்குப் போகிறான். ஆனால் அப்படிச் சிரித்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த ஜிப்பை விற்கிறவன் நான்தான். மேலப்பாளையத்தில் ஜிப், நூல், பக்கிள், லைனிங் துணி விற்கும் சின்னக் கடை என்னுடையது. வீடு பாளையங்கோட்டையில். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விடுவேன், மற்ற நாள் முழுக்க இங்கேதான்.

எனக்கு அடுத்த கடை முகம்மது இப்ராஹிமுடையது. பை, பைக் சீட்டு, தோல் ஜாக்கெட் என்று எது கிழிந்தாலும் தைத்துக் கொடுப்பார். இருபது வருஷத்துக்குக் கிட்ட ஷார்ஜாவில் பைக் ஓட்டுகிறவர்களுக்கான ஜாக்கெட் தைக்கும் பட்டறையில் இருந்தவர். ஊருக்கு வந்தபோது அந்தக் கைவேலையைக் கொண்டுவந்தார். அங்கிருந்த கனத்த மிஷினைக் கொண்டுவர முடியவில்லை. இங்கே அவர் வைத்திருப்பது பை தைக்கிற மிஷின், நாலு மடிப்புத் தோலைக் கொடுத்தால் ஊசியை ஒடித்துவிட்டு நின்றுவிடும். அதைச் சொல்லிச் சொல்லி அவர் புலம்பாத நாளில்லை. சிடுமூஞ்சி. காலையில் கடை திறந்ததும் என்னிடம் ஸலாம் சொல்வதற்குப் பதில், நேற்று நான் கொடுத்த நூல் மட்டம் என்றுதான் ஆரம்பிப்பார்.

ஜாக்கெட்டைப் பார்க்கிற விதத்தில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. முதலில் கையில் தூக்கி எடை பார்ப்பார். பிறகு விளிம்பை மடித்து வெட்டு வாயைப் பார்ப்பார். நல்ல தோலென்றால் அங்கே நார் தெரியும். அடித்தோலில் பிளாஸ்டிக் பூசி ஏமாற்றியிருந்தால் மேலே ஒரு பாலேடு போல அது தனியாகத் தெரியும். அப்புறம் தையல். தையல் நெருக்கமாக இருந்தால் நல்லது என்று நாம் நினைப்போம். அவர் அப்படி இல்லை. தோலில் ஊசி போட்ட ஓட்டை போட்டதுதான், துணியைப் போல மூடிக்கொள்ளாது, நெருக்கி நெருக்கிக் குத்தினால் தபால்தலை கிழிகிற மாதிரி வரிசையாகக் கிழியும் என்பார். முழங்கையில் எங்கே தையல் ஓடுகிறது, தோளில் தோல் இரண்டு மடிப்பா, உள்ளே மறைத்து இன்னொரு தையல் போட்டிருக்கிறதா என்பதை எல்லாம் விரலாலேயே தடவிக் கண்டுபிடித்துவிடுவார்.

இதையெல்லாம் யாரும் அவரிடம் கேட்பதில்லை என்பதுதான் வேடிக்கை. வளைகுடாவிலிருந்து யாராவது ஒரு ஜாக்கெட் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு நேரே இவரிடம் வருவார்கள். கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

“பாய், இது பன்னித் தோலு இல்லல்லா?”

பாய் லென்சை எடுத்து வெளியிலும் உள்ளேயும் பார்ப்பார். மாட்டுத் தோலில் மயிர்க்கால் சீராகப் பரவியிருக்கும். ஆட்டுத் தோலில் வரிவரியாக இருக்கும். பன்றித் தோலில் மும்மூன்றாக, அடுப்புக்கு மூன்று கல் வைத்த மாதிரி இருக்கும். சந்தேகம் வந்தால் ஈர விரலால் தேய்த்தும் பார்ப்பார். பன்றிதான் என்று தெரிந்துவிட்டால் மேசைக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுப்பார். அதில் தாமிரபரணிக் கரையிலிருந்து கொண்டுவந்த சுத்தமான மண் இருக்கும். ஈரத்தோடு பன்றி பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரில் கழுவ வேண்டும் என்பது அவர்கள் பின்பற்றுகிற சட்டம். அதில் அவர் ஒரு தடவையைக்கூட விட்டு நான் பார்த்ததில்லை.

பன்றி இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். வந்தவர்களுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிடும். ஜாக்கெட் முழுக்கத் தேறிவிட்டதாக நினைத்துக்கொண்டு போவார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று என்று பாயும் பைக் சீட்டைத் தைக்கத் திரும்பிவிடுவார்.

ஜவுளி வியாபாரம் பண்ணும் அகமது மீரானும் அப்படித்தான் தன் மகனின் ஜாக்கெட்டைக் கொண்டுவந்தார். பார்க்கப் பளபளவென்று இருந்தது. பாய் லென்சை வைத்துப் பார்த்தார். “பன்னி இல்ல,” என்றார். அகமது மீரான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டு போனார். இரண்டு மாதம் கழித்து மகன் ஆழ்வார்குறிச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும் வழியில், மணலில் சறுக்கி விழுந்தான். கை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை உரிந்துவிட்டது. தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைத்தார்கள்.

அகமது மீரான் அந்த ஜாக்கெட்டைக் கொண்டுவந்து பாயின் மேசைமேல் போட்டார். ஜாக்கெட்டின் கை தையலோரம் வாய் பிளந்து கிடந்தது.

“நீரு பாத்துட்டுத்தான வே நல்லாருக்குன்னு சொன்னீரு?”

“நல்லாருக்குன்னு நான் சொல்லல. பன்னி இல்லன்னுதான் சொன்னேன். நீரு அத மட்டுந்தான கேட்டீரு?”

“அப்போ இது தாங்காதுன்னு உமக்கு அன்னைக்கே தெரியுமா?”

பாய் பிளந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, “பஞ்சு நூலு. முழங்கை மேலயே தையல் ஓடுது. அதும் ஒத்தத் தையல்,” என்றார்.

“அதச் சொல்லுததுக்கு உமக்கு வாய் வலிச்சிருக்குமோ?” என்று கேட்டுவிட்டு அகமது மீரான் போய்விட்டார். ஜாக்கெட்டை எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கும் பாயின் மேல் கோபம் வந்தது. வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பையன் கை தப்பித்திருக்கும். அதை அவரிடம் சொன்னேன். “உம்ம சோலியப் பாரும்,” என்றார். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து ஆள் மாறிவிட்டார். பன்றியா என்று கேட்டு வந்தவனை உட்கார வைத்து, கழுத்துப்பட்டையில் தொடங்கி மணிக்கட்டுவரை அரைமணி நேரம் விளக்குவார். வந்தவன் நெளிவான். “அதெல்லாம் இருக்கட்டும் பாய், பன்னி இல்லல்லா?” என்று மறுபடி அதற்கே வருவான்.

பாயின் மகள் சபீதா பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள். அவள் மாப்பிள்ளை முஆத் வள்ளியூரில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் மெக்கானிக். தினமும் நாலுவழிச் சாலையில் பைக்கில் போய் வருகிறவன். ராதாபுரம் பக்கத்துத் தோட்டம் துரவெல்லாம் அவன் போகாத இடமில்லை. அகமது மீரானின் மகனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்றே சபீதா கடைக்கு வந்துவிட்டாள்.

“வாப்பா, ஊருக்கெல்லாம் பாத்துச் சொல்லுதிய. எங்க வீட்டு ஆளுக்கு ஒண்ணு பாத்துக் குடுக்கக் கூடாதா? அந்தப் பையன் கையப் பாத்ததுல இருந்து எனக்குச் சோறு இறங்கல.”

பாய் தேடினார். ஊரில் கிடைத்ததெல்லாம் அகமது மீரான் மகன் போட்டிருந்த ரகம். அந்தச் சமயத்தில்தான் முஆதோடு வேலை பார்க்கும் கிங்ஸ்லி தன் அண்ணன் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த ஜாக்கெட் தனக்குப் பற்றவில்லை என்று கொடுத்தான்.

அதை முஆத் கொண்டுவந்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். பாய் அதைக் கையில் தூக்கியதுமே முகம் மாறிவிட்டது. முதுகு முழுக்க ஒரே துண்டு மாட்டுத் தோல். ஒவ்வொரு இணைப்பிலும் வெளியே இரண்டு தையல், உள்ளே மறைவாக ஒன்று. முழங்கையில் தையலே வராமல் ஒதுக்கி வெட்டியிருந்தார்கள். “தைச்சவன் கையில முத்தம் குடுக்கணும் வே,” என்றார். அவர் ஒருத்தரைப் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு கழுத்துப்பட்டையைத் திருப்பினார். உள்பக்கம் மிருதுவான லைனிங் தோல். லென்சை வைத்தவர் எடுக்கவில்லை. மூன்று மூன்று புள்ளி.

“காலர்ல பன்னித் தோலு வச்சிருக்கான்,” என்றார்.

முஆத் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். “அப்போ வேண்டாம் மாமா. கிங்ஸ்லிட்டயே திருப்பிக் குடுத்துருதேன்.”

“இங்கன வச்சுட்டுப் போ. பிரிச்சு எடுத்துட்டு வேற லைனிங் வச்சுத் தாரேன்.”

நான் பிரித்துத் தருகிறேன் என்று சொன்னேன். எனக்கு அந்தச் சட்டமெல்லாம் கிடையாது. “நீரு பிரிச்சா தோலையும் சேத்துக் கிழிச்சிருவீரு,” என்று சொல்லிவிட்டு, கையில் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு அவரே உட்கார்ந்தார். காலர் சுலபமாக வந்துவிட்டது. பாதுகாப்புப் பட்டை வைக்கிற பையைத் திறந்து முழங்கையின் உள்பக்கத்தைப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. வெளித் தோலுக்கு அடியில் இன்னொரு அடுக்கு தோல் கொடுத்திருந்தார்கள். அதுவும் பன்றி. அதன் ஓரம் கையின் பெரிய தையலுக்குள்ளேயே போய்விட்டது.

அதை எடுக்க வேண்டுமானால் பெரிய தையலைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் பழைய ஓட்டையிலேயே மறுபடி தைக்க வேண்டும், அதற்கும் அவர் மிஷின் ஒத்துழைக்காது. புது இடத்தில் குத்தினால் ஓட்டை இரண்டு வரிசையாகிவிடும். விழுந்தால் வாய் பிளக்கும். நடுவில் மட்டும் வெட்டி எடுத்தால் முழங்கையில் ஒற்றைத் தோல்தான் மிஞ்சும். எடுக்காமல் விட்டால் பன்றி. உண்மையைச் சொன்னால் முஆத் போட மாட்டான்.

“வேற நல்லதா வெளியூர்ல சொல்லி வாங்கலாம்லா?” என்றேன்.

“சொல்லியாச்சு. வர நாளாகும். அதுவரைக்கும் அவன் எதப் போட்டுக்கிட்டுப் போவான்? மழ வேற தொடங்கப் போவுது.”

சாயங்காலம்வரை அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மஃரிபு தொழுகைக்குப் போய்விட்டு வந்தார். காலருக்கு என்னிடம் பருத்தித் துணி வாங்கித் தைத்தார். முழங்கைப் பையின் உள்பக்கமும் பருத்தித் துணியால் மூடித் தைத்தார். பெரிய தையலைத் தொடவில்லை.

“இத உம்மகிட்ட மட்டுந்தான் சொல்லுதேன்,” என்றார். “மறுமையில கேட்டா அது என் பேர்ல இருக்கட்டும். அவன் பேர்ல வேண்டாம்.”

மறுநாள் முஆத் வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டான். “எல்லாம் எடுத்தாச்சா மாமா?”

“காலர்ல இருந்தத எடுத்துட்டேன்,” என்றார் பாய். பிறகு, “தொழுவும்போது மட்டும் கழத்தி வச்சிரு. தோலு மழையில நனைஞ்சா நீ தொடாத, எங்கிட்ட கொண்டா. இது ரோட்டுக்கு உள்ளது,” என்றார்.

முஆத் சந்தோஷமாக மாட்டிக்கொண்டு போனான். நான் பாயின் முகத்தைப் பார்க்கவில்லை. அகமது மீரானிடம் பாதி சொன்னதற்காக அவரைத் திட்டியவன் நான். இப்போது அதே ஆள் பாதி சொல்கிறார், நான் வாயை மூடிக்கொண்டு ஜிப்பை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழையில் நாங்குநேரிக்கு இந்தப் பக்கம் முஆதின் பைக்குக்கு நாய் ஒன்று குறுக்கே வந்தது. பைக்கோடு சாய்ந்து ரோட்டில் வெகுதூரம் இழுத்துக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். தோள் பிசகியிருந்தது, காலில் நாலு தையல். கையில் ஒரு கீறல்கூட இல்லை.

அடுத்த நாள் மத்தியானம் சபீதா ஒரு பிளாஸ்டிக் கவரோடு கடைக்கு வந்தாள். கவருக்குள் ஜாக்கெட் நனைந்தபடியே இருந்தது. கவரை மேசைமேல் வைத்து வாயை அகல விரித்தாள். கையில் உறை எதுவும் போடாமல் பாய் அதை வெளியே எடுத்தார். முழங்கையில் மாட்டுத் தோல் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து போயிருந்தது. அதற்குக் கீழே இருந்த அடுக்கு கிழியாமல் நின்றிருந்தது. பெரிய தையலில் ஒரு நூல்கூட விடவில்லை.

தாங்கி நின்ற அந்த அடுக்கில் மூன்று மூன்று புள்ளி தெளிவாகத் தெரிந்தது. சபீதா இந்தக் கடையில் லென்சை வைத்து விளையாடி வளர்ந்தவள். அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“இது உள்ள இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா வாப்பா?”

“தெரியும்.”

எனக்கு எழுந்து என் கடைக்குள் போய்விடலாம் போல இருந்தது. போகவும் முடியவில்லை. பாய் ஜாக்கெட்டை வைத்துவிட்டு, ஈரக் கையைத் தனியாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மேசைக்கு அடியில் மண் டப்பாவைத் தேடினார். டப்பாவை அவளே குனிந்து எடுத்தாள். எடுத்தவள் அவரிடம் கொடுக்கவில்லை.

“இப்பம் கழுவ வேண்டாம் வாப்பா,” என்றாள். “முதல்ல அந்த முழங்கையில ஒரு துண்டுத் தோல வச்சுத் தைங்க. புதுசு வாற வரைக்கும் அவுக இதத்தான் போடணும். தைச்சு முடிச்ச பொறவு ரெண்டு பேருமா கழுவிக்கிடுவோம்.”

சொல்லிவிட்டு, தைக்க வாகாக ஜாக்கெட்டின் நனைந்த கையை வெறுங்கையாலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.