பினாங்குக்குப் போன படப்பெட்டி

பேசும் படம் வந்து நான்கைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் நான் ரைட்டராக இருந்தேன். இன்டர்மீடியட் வரை படித்தவன் என்பதால் வெளியூர்க் கடிதங்கள் எல்லாம் என் பொறுப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முதலாளியை நாங்கள் சாயபு என்போம். தோல் வாங்கக் கல்கத்தாவுக்குப் போய்வந்தவர், அங்கே தமிழ்ப் படம் பிடிப்பதைப் பார்த்துவிட்டு அந்த ஆசையோடு திரும்பினார். அடுத்த வருஷமே நடிகர்களை ரயிலேற்றிக்கொண்டு போய், வாடகை ஸ்டுடியோவில் ஒரு புராணக் கதையை எடுத்து முடித்தார். கூட்டாளி கிடையாது. மண்டியின் பின்னறைதான் ஆபீஸ். தோலுக்குக் கடிதம் எழுதிய மேஜையிலிருந்தே கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் படத்துக்காக எழுதினேன். சாயபு உருது நன்றாகப் படிப்பார். தமிழ் பேசுவாரே தவிர எழுத்து தெரியாது. அதனால் வரும் கடிதங்களை நான்தான் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும்.

பினாங்குக்கு முதல் பெட்டி கட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. தோல் கட்டுகளைக் கப்பலில் அனுப்பும்போது பூச்சி அரிக்காமலிருக்கப் பாச்சை உருண்டையைப் பொடித்து இடையில் தூவுவது மண்டி வழக்கம். படச்சுருளும் கடலில் ஒரு வாரம் கிடக்கப் போகிறதே என்று, தகர டப்பாக்களைத் திறந்து ஒவ்வொரு சுருளின்மேலும் அந்தப் பொடியைத் தாராளமாகத் தூவி மூடினேன். யாரும் சொல்லி நான் செய்யவில்லை. என் சொந்த யோசனை.

சாயபு பார்த்துவிட்டு ஆட்களிடம், "பாத்தீங்களாடா! படிச்ச மூளைன்னா சும்மாவா? எனக்குத் தோணலியே இது!" என்றார். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பினாங்கு கொட்டகை முதலாளியிடமிருந்து இங்கிலீஷில் காரமான கடிதம் வந்தது. சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிழிகின்றன, முதல் காட்சியிலேயே ஜனங்கள் நாற்காலியை உடைத்துவிட்டார்கள், என்ன காப்பி அனுப்பினீர்கள் என்று கேட்டிருந்தார்.

சாயபு ஆடிப்போய்விட்டார். "நல்ல காப்பிதானே ரைட்டரே அனுப்பினோம்?"

"நல்ல காப்பிதான் சாயபு. அங்கே படம் ஓட்டுகிற ஆபரேட்டர் விளக்குச் சூட்டில் வைத்துக் கெடுத்திருப்பான்" என்றேன். அப்போது நான் அதை நம்பித்தான் சொன்னேன். அதையே பதிலாக எழுதினேன். ஆபரேட்டரின் அஜாக்கிரதையைப் பற்றி இரண்டு பக்கம். என் இங்கிலீஷை நானே மெச்சிக்கொண்டு மறுபடி மறுபடி படித்தேன்.

அதற்குப் பதில் ஆபரேட்டரிடமிருந்தே வந்தது, தமிழில், பென்சிலால். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர் போலிருக்கிறது. "டப்பாவைத் திறந்தபோதே பாச்சை உருண்டை நாற்றம் அடித்தது. சுருளின்மேல் மாவு போல் படிந்திருந்தது. நான் கை வைக்கும் முன்பே ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் முதலாளி நம்ப மாட்டேன் என்கிறார். இந்த மாதத்தோடு நின்றுவிடச் சொல்லிவிட்டார். எனக்கு இரண்டு குழந்தைகள். தாங்கள் உண்மையை ஒரு வரி எழுதினால் என் வேலை நிலைக்கும்."

சாயபு எதிரே உட்கார்ந்து, "படிங்க" என்றார்.

முதல் வரியில் கண் பட்டதுமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வணக்கத்தைப் படித்தேன். பிறகு, "தன்மேல் தப்பில்லை என்கிறார். வேறொன்றும் இல்லை" என்று சொல்லி மடித்துவிட்டேன்.

"யார்தான் தப்புன்னு ஒத்துக்குவான், விடுங்க" என்று சாயபு எழுந்து போனார். கடிதத்தைக் கிழித்துப்போடக் கை வரவில்லை. பழைய கடிதக் கட்டுக்குள் செருகிவைத்தேன். பதில் எழுதவில்லை.

இரண்டு மாதம் கழித்து, பினாங்குக்கு வேறு காப்பி அனுப்ப ஏற்பாடாயிற்று. டப்பாக்களைத் துணியால் துடைத்து நானே அடுக்கினேன். சாயபு நல்ல குஷியில் இருந்தார்.

"இன்னா ரைட்டரே, போன தபா பொடி தூவினீங்க, இந்த தபா பாச்சைக்கு லீவா?"

ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். கையிலிருந்த மூடி நழுவிக் கீழே விழுந்தது. சாயபு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆட்களை வெளியே போகச் சொன்னார்.

"எனக்குத் தமிழ் எழுத்துதான் தெரியாது ரைட்டரே, மூஞ்சி தெரியும். அந்தாளு கடுதாசி இருக்குதா?"

"இருக்கிறது சாயபு."

"எட்த்துகினு வாங்க. முழுசாப் படிங்க."

படித்தேன். அவர் தோல் கட்டின்மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடி கேட்டார். முடித்ததும், "ரெண்டு கொழந்தைங்கன்னு எழுதியிருக்காரா?" என்றார்.

"ஆமாம்."

"அதையும் படிக்கல நீங்க."

அதற்குமேல் அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "எழுதுங்க. தப்பு எங்க மண்டியிலன்னு எழுதுங்க. பொடி போட்டதை நானும் பாத்துட்டு சபாஷ் சொன்னேன், அதையும் எழுதுங்க. கீழ என் பேரோட உங்க பேரையும் போடுங்க" என்றார். புதுப் பெட்டியோடு அதே கப்பலில் அந்தக் கடிதம் போயிற்று.

பினாங்கிலிருந்து வந்த பதில் சின்னது. படம் நன்றாக ஓடுகிறது. அந்த ஆபரேட்டர் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய் ஒரு மாதத்துக்கு மேலாகிறது. எங்கே என்று தெரியாது.

சாயபு அதற்குப் பிறகு இரண்டு படம் எடுத்தார். ஒன்று ஓடியது, ஒன்று படுத்தது. மறுபடி தோலுக்கே வந்துவிட்டார். படத்தை விற்க ரங்கூன், கொழும்பு, சிங்கப்பூர் என்று எங்கே போனாலும் அங்குள்ள கொட்டகைகளில் அந்த மனிதரை விசாரிப்பார். திரும்பி வந்ததும் நான் கேட்கும் முன்பே "இல்ல ரைட்டரே" என்பார். என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. கடைசிவரை தம் கடிதங்களை என்னிடமே படிக்கக் கொடுத்தார்.

இப்போது எனக்கு எழுபதுக்கு மேல். எங்கள் தெருவில் எழுத்து தெரியாதவர்கள் கடிதத்தோடு என் வீட்டுக்கு வருகிறார்கள். வரியின் கீழே விரலை வைத்து, விலாசத்திலிருந்து கையெழுத்துவரை ஒரு சொல் விடாமல் படிக்கிறேன். "இவ்வளவு மெதுவாவா?" என்று சிலர் அலுத்துக்கொள்வதுண்டு. ஆனால் நான் முகம்கூடப் பார்த்திராத ஒரு மனிதர், இரண்டு குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் தாண்டிப்போன அந்த ஒரு வரியிலேயே இன்னும் காத்து நிற்கிறார் என்று எனக்குத் தோன்றும்போது, விரல் அதைவிட வேகமாக நகர மறுக்கிறது.