ஊறப்போட்ட கொப்பிகள்

தொண்ணூறாம் ஆண்டு, யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கம் சண்டை நடந்துகொண்டிருந்த மாதங்கள். நாங்கள் அப்போது மானிப்பாயில் இருந்தோம். பள்ளிக்கூடங்களில் எல்லாம் இடம்பெயர்ந்து வந்த சனம் தங்கியிருந்தது, அதனால் பிள்ளைகளுக்குப் படிப்பு இல்லை. என் மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு ஐந்து. வீட்டுக்குள் வைத்திருந்தால் ஒருவரையொருவர் பிய்த்துத் தின்கிற வயது.

கல்யாணத்துக்கு முன் மூன்று வருடம் பாலர் பள்ளியில் படிப்பித்தவள் நான். சும்மா இருக்கிற பிள்ளைகளைக் கண்டால் எனக்குக் கை துருதுருக்கும். அதனால் காலையில் முற்றத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கினேன். கொப்பி, பென்சில் ஒன்றும் கிடையாது, எல்லாம் கையால் செய்து பார்க்கிற படிப்புத்தான். கிணற்றடித் தொட்டியில் எது மிதக்கும், எது தாழும் என்று பார்ப்போம். தடி ஒன்றை நட்டு, நிழலை அளந்து நேரம் சொல்வோம். ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் எல்லாருமாக முற்றத்து மூலையில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் ஓடுவோம். திரும்பி வந்து, அதற்குள் நிழல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்ப்போம். அயலில் இருந்தும் ஐந்தாறு பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். எல்லாரும் என்னை ரீச்சர் என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்கு நான் எவ்வளவு மயங்கிப்போய் இருந்தேன் என்று நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது.

எங்கள் வீட்டுப் பின் விறாந்தையில் குருநகரில் இருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். கடல்தொழில் செய்கிற குடும்பம். கணவர் முன்பே இறந்துவிட்டார். மூத்த மகன் அந்த வருடம் பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். சோதினை எடுக்க இருந்தவன். சண்டை தொடங்குவதற்குச் சில கிழமைகளுக்கு முன் மாமனோடு தொழிலுக்குப் போனான், வள்ளம் திரும்பி வரவில்லை. இரண்டு பேரும் இராமேஸ்வரப் பக்கம் கரையேறியிருப்பார்கள் என்று அந்தத் தாய், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், உறுதியாக நம்பினார். கடிதம் ஒழுங்காக வராத காலம் என்பதால் அந்த நம்பிக்கையை யாரும் பொய் என்று சொல்லவும் முடியாது.

கடற்கரைச் சனத்தை வீட்டில் வைத்திருக்க எங்கள் அயலில் பலர் சாதி பார்த்து யோசித்தார்கள். நான் யோசிக்கவில்லை. அதற்காக என் முதுகை நானே தட்டிக்கொண்டும் இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒருநாள், கடதாசிப் பெட்டி செய்வோம் என்று பிள்ளைகளுக்கு அறிவித்தேன். பழைய கடதாசியைச் சின்னச் சின்னதாகக் கிழித்து ஊறப்போட்டு, மறுநாள் வெந்தயம் சேர்த்து உரலில் இடித்து, கவிழ்த்து வைத்த சட்டியின்மேல் அப்பிக் காயவிட்டால் பெட்டி வந்துவிடும். பிள்ளைகளுக்குக் கிழிக்கவும் பிசையவும் விட்டால் வேறு சொர்க்கம் வேண்டியதில்லை. ஆனால் கடதாசி லேசில் கிடைக்காத காலம். ஆளுக்குக் கொஞ்சம் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள் என்றேன்.

மறுநாள் ஒருவன் பழைய பஞ்சாங்கம் கொண்டுவந்தான். இன்னொருத்தி கல்யாண அழைப்பிதழ்கள் கொண்டுவந்தாள். அக்காவின் மகள் மட்டும் ஒன்றும் இல்லாமல் வந்து நின்றாள். ஒன்பது வயது, அதிகம் கதைக்காத பிள்ளை. அவளுடைய தாய் நிவாரணம் எடுக்கச் சங்கக்கடை வரிசைக்குப் போயிருந்தார்.

"எல்லாரும் கொண்டந்திட்டினம். நீ மட்டும் வெறுங்கையோடை வந்து பெட்டி கேக்கப்போறியோ?" என்றேன்.

பகிடியாகத்தான் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் விறாந்தைக்குப் போய், ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிய கட்டு ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

பிரித்தால் எட்டோ ஒன்பதோ தடித்த கொப்பிகள். அழகான கையெழுத்து. அடிமட்டம் வைத்துக் கீறிய கோடுகள், வரைபுகள், ஒரு பக்கத்து ஓரத்தில் சின்னதாக ஒரு வள்ளம்கூடக் கீறியிருந்தது. யாருடையது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் கடதாசி குறைந்துவிடும் என்ற கள்ளம் எனக்குள் இருந்ததோ என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். முதல் கொப்பியை நானே எடுத்து, கம்பியைக் கழற்றி, எப்படிக் கிழிப்பது என்று காட்டினேன்.

அந்தப் பிள்ளையும் கிழித்தாள். மற்றவர்கள் கந்தறுகோலமாகக் கிழித்தபோது அவள் ஒவ்வொரு தாளாக எடுத்து, நகத்தளவு துண்டுகளாகக் கிழித்தாள். நான் அவளை எல்லாருக்கும் காட்டி, இவதான் கெட்டிக்காரி என்று புகழ்ந்தேன். அவள் நிமிரவில்லை. வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் கடதாசி நன்றாக ஊறியிருந்தது. மை கரைந்து, ஊறப்போட்ட கிடாரத்துத் தண்ணீர் இளநீலமாக இருந்தது. அதையும் விடாமல், மை ஏன் கரைகிறது, எண்ணெய் ஏன் கரையாது என்று ஒரு பாடம் நடத்தினேன். பிறகு வெந்தயத்தைப் போட்டு இடிக்கத் தொடங்கினேன். எனக்கு உலக்கை பிடித்துப் பழக்கமில்லை, பத்து இடி இடிக்கமுன் மூச்சு வாங்கியது.

பின்பக்கம் கூட்டிக்கொண்டு நின்ற அக்கா அதைப் பார்த்துச் சிரித்தார். விளக்குமாற்றைச் சாத்திவிட்டு வந்து, "விடுங்கோ ரீச்சர், உது உங்களுக்குச் சரிவராது" என்று உலக்கையை வாங்கினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூழ் வெண்ணெய் மாதிரி வரும்வரை இடித்துத் தந்தார். எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் இருந்து அவர் அப்படிச் சந்தோஷமாக நின்றதை நான் கண்டதில்லை. மகள் தூணைப் பிடித்துக்கொண்டு தாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் நான் சமைத்துக்கொண்டிருந்தபோது அக்கா குசினி வாசலில் வந்து நின்றார். கையில் அந்த வெள்ளைத் துணி.

"ரீச்சர், உதுக்குள்ளை இருந்த கொப்பியளை எங்கையும் கண்டனீங்களே? மகன்ரை. வந்தானெண்டால் சோதினைக்கு வேணும்."

நான் திரும்பி முற்றத்தைப் பார்த்தேன். கவிழ்த்து வைத்த சட்டிகளின் மேல் பதினொரு பெட்டிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. நான் பார்த்த பக்கம் அவரும் பார்த்தார். விளங்கிக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தார்.

நான் அழுதுவிட்டேன். எனக்குத் தெரியாது அக்கா, தெரிந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன் என்று ஏதேதோ சொன்னேன். அதே பாடம் படிக்கிற பிள்ளைகளிடம் கேட்டு எல்லாவற்றையும் நானே எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். அவர் முற்றத்தில் இறங்கிப் போய் ஒரு பெட்டியை விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பரவாயில்லை ரீச்சர். நீங்கள் தெரிஞ்சு செய்யேல்லைத்தானே. அவன் வந்து கேட்டால் என்ன சொல்லுறதெண்டுதான் யோசிக்கிறன்."

அவ்வளவுதான். என்னைத் திட்டவில்லை. மகளுக்கும் அடிக்கவில்லை. பிறகு நான் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணையின் கொப்பி என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ரீச்சர் கேட்டனீங்கள்" என்றாள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன். ஒரு மாணவன் தன் கொப்பிகளைத் தர ஒத்துக்கொண்டான். ஓடிவந்து சொன்னபோது அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார். அது அவன்ரை கையெழுத்தில்லையே என்றார். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டில் முன்னைவிட அதிகமாக வேலை செய்தார். விடிய எழும்பி முன் முற்றத்தையும் கூட்டினார். கேட்காமலே தேங்காய் திருவித் தந்தார். கோபம் இல்லை, மன்னித்துவிட்டார் என்று நான் ஆறுதல்பட்டேன். இரண்டு கிழமையில், கோயிலடிப் பள்ளிக்கூட முகாமில் தங்கள் ஊர்ச்சனம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கள் விறாந்தையைவிட நெருக்கமான இடம், ஒரு வகுப்பறையில் எட்டுக் குடும்பம். ஏன் போகிறீர்கள் என்று நான் வற்புறுத்திக் கேட்கவில்லை. அந்த மகன் கரையேறினானா இல்லையா என்றும் எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. பெட்டிகளைப் பிள்ளைகள் யாரும் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. முற்றத்துப் பள்ளிக்கூடமும் அதோடு நின்றுபோனது.

ஐந்து வருடம் கழித்து எங்கள் முறை வந்தது. தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரோடு சேர்ந்து நாங்களும் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டு, சாவகச்சேரிக்கு அங்காலே முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு விறாந்தையில் ஒதுங்கினோம். நல்ல மனிதர்கள். மழைக்காலத்தில் எங்களை உள்ளே எடுத்தார்கள், முதல்நாள் கஞ்சி காய்ச்சித் தந்தார்கள்.

ஒருநாள் காலை அவர்களுடைய கிணற்று வாளி கயிறு அறுந்து கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா வந்து, "உங்கடை பொடியன் கிணத்தடியிலை விளையாடினவனோ?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டார். என் மகன் விடிந்ததில் இருந்து என் பக்கத்திலேயே இருந்தான், எனக்கு அடுப்பு ஊதித் தந்துகொண்டிருந்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அந்த அம்மாவுக்கு முன்னால் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டேன். போட்டுவிட்டு, குறை நினைக்காதேங்கோ அம்மா என்று சொன்னேன். சொல்லும்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பது என் முகத்தின் இழுவையில் எனக்கே தெரிந்தது.

மகன் அழவில்லை. பத்து வயதுப் பிள்ளை, என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பவும் அடுப்பை ஊதினான்.

அந்த அக்காவின் சிரிப்பை நான் அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன். அவருக்குக் கோபம் இருந்திருக்கும், வயிறு எரிந்திருக்கும். ஆனால் என் கூரைக்குக் கீழே நின்றுகொண்டு என்னை ஒரு சொல் சொல்ல அவருக்கு இடமிருக்கவில்லை. நானோ அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு ஐந்து வருடம் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

இன்றைக்கும் யாராவது என்னிடம் பரவாயில்லை என்று சிரித்தால், அவர்கள் யாருடைய வீட்டில் நின்றுகொண்டு அதைச் சொல்கிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.