கையில் இருக்கும் பையை முடித்துவிட்டு

பதினெட்டாவது முறையாக பிரேக் அக்கா கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அமுக்கினார். கறுப்புத் திரையில் வரிவரியாக ஓடிக்கொண்டிருந்த கணினி நிரல் சட்டென்று நின்றது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போகிற போக்கில் அது எதையெல்லாம் அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று துழாவினார். பாதி எழுதிய கோப்பு ஒன்று அகப்பட்டது. "பாருங்க, சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காம எந்திரிச்சுப் போயிருக்கு" என்று பக்கத்து மேஜைக்காரரிடம் முறையிட்டுவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தார்.

அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர் வந்தது இதனால்தான். யார் எந்த நிரலை எழுதிக் காட்டினாலும், பாராட்டப் போகிறார் என்று அவர்கள் முகம் மலர்கிற நேரத்தில் இவர் கை நீண்டு அந்த இரண்டு விசைகளை அமுக்கிவிடும். "ஓடறது பெரிய விஷயமில்லைங்க. நடுவுல கூப்பிட்டா எப்படி எந்திரிச்சு வருதுன்னு பாக்கணும்" என்பார். இவர் தலையைக் கண்டதும் மடிக்கணினியை மூடிவிடுகிறவர்களும் உண்டு.

வீட்டிலும் அதே கதைதான். கணவர் தையல்காரர். சாப்பிடக் கூப்பிட்டால் இரண்டு அறைகளிலிருந்தும் ஒரே மாதிரி ஒரு விரல் உயரும். அவர் நூலை முடிச்சுப் போட்டு அறுப்பார், இவர் வரியை முடித்துச் சேமிப்பார். "ஜாடிக்கேத்த மூடி" என்று நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே ஆறிப்போனதை மறுபடி சூடாக்குவார்.

இந்தப் பிடிவாதம் வந்து ஒட்டிக்கொண்டது ஒரு ரத்த வங்கியால். அங்கே தினமும் காலையில் ஓடும் நிரலை எழுதியவர் இவர்தான். அது இருப்பில் உள்ள பைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வகையும் தேதியும் பார்த்து, கேட்டிருக்கும் மருத்துவமனைகளுக்கு ஒதுக்கும். அதுவரை வேறு யாரும் பட்டியலைத் தொடாதபடி ஒரு பூட்டுப் போட்டுக்கொள்ளும். நடுவில் நிறுத்தினால் பூட்டு பூட்டியபடியே கிடக்கும். கையில் எடுத்த பையோ யாருக்கும் போகாமல், யாரும் எடுக்கவும் முடியாமல், 'ஒதுக்கியது' என்ற பெயரோடு தேங்கிவிடும். இரண்டு மாதத்துக்கு முன் அப்படித் தேங்கிய அரிய வகைப் பை ஒன்று குளிர்பெட்டியிலேயே கெட்டுப்போனது. அதே வாரம் அதே வகைக்காக ஒரு மனிதர் தம்பிக்கு ரத்தம் தேடி நாயாய் அலைந்திருக்கிறார். வேறெங்கோ கிடைத்து, தம்பி பிழைத்துவிட்டார். அதைக் கேட்டும் பிரேக் அக்கா அழுதார்.

அவசரத்தில் செய்த முதல் திருத்தம் காரியத்தை இன்னும் கெடுத்தது. எத்தனை முறை அமுக்கினாலும் 'இதோ கிளம்பிவிட்டேன்' என்று சொல்லிக்கொண்டே மிச்சமிருந்த முந்நூறு பைகளையும் முடித்த பிறகுதான் நிரல் நிற்கும். ரத்த வங்கியின் பொறுப்பாளர் அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் மின்செருகியையே பிடுங்கிவிட்டார். மறுநாள் திரையின் ஓரத்தில் ஒரு காகிதம் முளைத்திருந்தது: 'ஓடும்போது யாரும் தொடாதீர்கள்.' அதைப் படித்த அன்றே பிரேக் அக்கா நிரலை மறுபடி எழுத உட்கார்ந்தார்.

அலுவலகத்தில் அமுக்கிப் பார்த்த பதினெட்டு முறை, நூற்றுப்பத்து முறை ஆனது. இப்போது ஒரு தடவை அமுக்கினால் கையில் இருக்கும் பையை மட்டும் முடித்துவிட்டுக் கிளம்பும். இரண்டாம் தடவை அமுக்கினால் அந்தப் பையையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு அப்போதே கிளம்பும். எப்படிப் போனாலும் பூட்டைத் திறந்துவிட்டுத்தான் போகும். அதை எடுத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரத்த வங்கிக்குப் போனார்.

நிரல் இருநூறு பைகளைத் தாண்டியபோது தொலைபேசி அடித்தது. ஒரு மருத்துவமனையின் பிரசவ அறையிலிருந்து ஒரு பெண்ணுக்காகக் கேட்டார்கள்: ஓ நெகட்டிவ் இரண்டு பை, உடனே. பட்டியலோ பூட்டுக்குள் இருந்தது, முடிய இன்னும் இருபது நிமிடம். பொறுப்பாளர் அம்மாவின் விரல்கள் விசைகளுக்கு மேலே நின்றன. கண் அந்தக் காகிதத்தின் மேல் இருந்தது.

"அமுக்கலாமா?"

"அமுக்குங்க மேடம்."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க."

"சொன்னேன். நான் எழுதினது தப்பு. இப்ப தைரியமா அமுக்குங்க."

அமுக்கினார். திரையில் மூன்று வரிகள் வந்தன: 'கையில் இருந்த 212ஆம் பை முடிந்தது. பூட்டைத் திறந்துவிட்டேன். அடுத்த முறை 213இலிருந்து தொடங்குவேன்.' பொறுப்பாளர் அம்மா பட்டியலைத் தட்டினார், திறந்தது. ஐந்து நிமிடத்தில் இரண்டு பைகளும் பனிக்கட்டிப் பெட்டிக்குள் ஏறி வாசலைத் தாண்டின.

கொஞ்ச நேரத்தில் மறுபடி தொலைபேசி. "ரத்தம் ஏத்த ஆரம்பிச்சுட்டாங்களாம். அந்தப் பொண்ணு கண்ணு முழிச்சுப் பேசுதாம்" என்றார் பொறுப்பாளர் அம்மா. சொல்லிக்கொண்டே நகத்தால் சுரண்டிச் சுரண்டி அந்தக் காகிதத்தை உரித்துக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். "விட்ட இடத்துலேருந்து ஓடட்டுமா?"

ஓடியது. 213, 214, 215. பிரேக் அக்காவின் வலது கை பழக்கதோஷத்தில் விசைப்பலகையை நோக்கி நீண்டது. பாதி வழியில் அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன்மேல் இடது கையையும் வைத்து அழுத்திக்கொண்டு, கடைசிப் பை வரும்வரை திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.