பத்து மணிச் சங்குக்கு அசைந்த பிணம்

கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, முடியை நனைத்து, கத்தரிக்கோலைக் காதருகே கொண்டுவந்த பிறகுதான் கிளெனிஸ் பர்ட்டன் கேட்பார்: "சொல்லு கண்ணு. நல்லா இருந்துச்சா, இல்லையா?"

எதைப் பற்றி என்று எங்கள் ஊரான ஹார்லன் முனையில் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. இல்லை என்று சொல்கிற துணிவும் அந்த நாற்காலியில் யாருக்கும் வருவதில்லை. வந்தவர் ஒருவர் உண்டு, பள்ளித் தலைமையாசிரியர் குவிக்லி. அதன் பிறகு வெகு நாட்களுக்கு அவருடைய முன்முடி, தலையில் சட்டியைக் கவிழ்த்துச் சுற்றி வெட்டியது போல இருந்தது. கை நழுவிவிட்டதாகக் கிளெனிஸ் வருத்தம் தெரிவித்தார். அவர் கை அதற்கு முன்னும் நழுவியதில்லை, பின்னும் நழுவவில்லை.

விஷயம் ஒரு தொலைக்காட்சித் தொடரின் ஒரே ஒரு பகுதி. 'தென்கரைக் காவல்' என்ற துப்பறியும் தொடரை எங்கள் ஊரில்தான் எடுத்தார்கள். வாரம் ஒரு கொலை, வாரம் ஒரு கைது என்று அது ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் ஆண்டில் கைப்பணம் தீர்ந்துபோன ஒரு வாரத்தில், ஒரு படகுக் கொட்டகை, இரண்டு அதிகாரிகள், ஒரு பிணம் என்று இவ்வளவை மட்டும் வைத்து ஒரு மணி நேரத்தை ஒப்பேற்றினார்கள். வெள்ளத்தில் சாலை மூழ்கிவிட்டது. பிணத்தை எடுத்துப்போக வண்டி வர வேண்டும், வரவில்லை. அதிகாரிகள் காத்திருக்கிறார்கள். ஒரு சாண்ட்விச்சைப் பங்கு போடுவதில் இருவருக்கும் தகராறு வருகிறது. பெரியவர் தன் விவாகரத்தைப் பற்றிப் பேசுகிறார், சின்னவர் தூங்கிவிடுகிறார். கொன்றது யார் என்று கடைசிவரை தெரியாது. அடுத்த வாரம் அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

நாட்டில் பாதிப் பேர் இதைப் போல் ஒன்று இதுவரை வந்ததில்லை என்று உருகினார்கள். மீதிப் பேர் தங்கள் ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கேட்டார்கள். எங்கள் ஊர் மதுக்கடையில் ஆதரவாளர்கள் சன்னல் பக்கமும் எதிர்ப்பாளர்கள் கணப்பு அடுப்புப் பக்கமும் உட்கார ஆரம்பித்தார்கள். குளிர் காலத்தில் கொள்கை மாறியவர்கள் சிலர் உண்டு.

பிணம் கிளெனிஸ். இந்தக் கரை முழுக்கத் தேடினாலும் அவர் அளவுக்குப் பேசுகிறவர் கிடைக்கமாட்டார். முடி உலர்த்தும் கருவி இரைந்துகொண்டிருக்கும்போதும் பேசுவார், வாயில் கொண்டை ஊசி இருக்கும்போதும் பேசுவார். ஒருமுறை பல் மருத்துவர் அவர் வாயில் இரண்டு கருவிகளை வைத்த பிறகும், மருத்துவருடைய மைத்துனி ஏன் வீட்டை விற்றாள் என்பதை அவருக்கே விளக்கி முடித்தார். அப்படிப்பட்டவருக்குத்தான் வாய் திறக்காமல் படுத்திருக்கும் வேலை வந்தது. பிணமாக நடிக்க ஹோபார்ட்டிலிருந்து வர வேண்டிய பெண் வரவில்லை, சாலை நிஜமாகவே மூழ்கியிருந்தது. அதிகாரிகளாக நடித்தவர்களுக்கு முடி சீவிவிட வந்திருந்த கிளெனிஸைப் பார்த்து, சும்மா படுத்திருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். எவ்வளவு நேரம் என்பதைக் கேட்காமலே செருப்பைக் கழற்றிவிட்டார்.

அந்தப் பகுதியின் புகழுக்கும் இகழுக்கும் காரணம் சாண்ட்விச் அல்ல, அவருடைய வலது கால் கட்டைவிரல். பெரியவர் விவாகரத்தைப் பற்றிப் பேசும் காட்சி வெட்டே இல்லாமல் நீள்கிறது. அதன் நடுவில், போர்வைக்கு வெளியே தெரியும் அந்த விரல் ஒருமுறை நிமிர்ந்து அடங்குகிறது. கிளெனிஸ் கத்தரிக்கோல் பிடிப்பதற்கு முன் பதினைந்து வருடம் இங்குள்ள சிப்பித் தொழிற்சாலையில் நின்றவர். அங்கே காலை பத்து மணிக்குச் சங்கு ஊதினால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் தேநீருக்குப் போய்விடுவார்கள். தொழிற்சாலை மட்டுமல்ல, ஊரே அப்படித்தான். பாதி மழித்த முகத்தோடு காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அன்று படப்பிடிப்பின் நடுவே பத்து மணிச் சங்கு ஊதியது. பிணத்தின் கட்டைவிரல் தேநீருக்குக் கிளம்பிவிட்டது. மறுபடி எடுக்க வழியில்லை. சங்கின் ஓசையை அழித்துவிட்டார்கள், விரலை அழிக்க முடியவில்லை.

ஆக, பத்து வருடமாக அவர் கடைக்கு ரசிகர்கள் வருகிறார்கள், நார்வேயிலிருந்துகூட. பிணமாகக் கிடப்பவள் சாகவில்லை என்பது ஒரு கட்சி. செத்துவிட்டாள், கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது இன்னொரு கட்சி. மெல்போர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு பெண், உயிர் எந்த இடத்தில் முடிகிறது என்ற கேள்வியைத்தான் அந்த விரல் எழுப்புகிறது என்றாள். கிளெனிஸ் சீப்பை நிறுத்திவிட்டு, "ஆமா கண்ணு, அப்பவே எனக்கு உடம்பு ஒரு மாதிரி சிலுத்துச்சு" என்றார். அவள் போனதும் அதே நாற்காலியில் உட்கார்ந்த அஞ்சலகத்து டோரீனிடம், "டீத் தண்ணிக்குத் தவிச்சுதுடி, வேறென்ன" என்றார். இரண்டில் எதுவும் பொய் என்று அவர் நினைப்பதாகத் தெரியவில்லை.

இன்னொரு முரண். அந்தப் பகுதி மறு ஒளிபரப்பாகும்போது மட்டும் கிளெனிஸ் பேசமாட்டார், பக்கத்தில் யாரும் இருமவும் கூடாது. அவருடைய கணவர் மெர்வ் மட்டும் ஒவ்வொரு முறையும் எழுந்து போய்விடுவார். மெர்வ் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர், ஒரு நாளைக்கு ஏழெட்டு வார்த்தைக்கு மேல் செலவழிக்காதவர். சின்ன அதிகாரி போர்வையை விலக்கி முகத்தைப் பார்க்கும் இடம் வந்ததும், படகைக் கட்டினேனா என்று பார்க்க வேண்டும் என்பார். படகு பத்து வருடமாகக் கட்டித்தான் கிடக்கிறது.

ஊருக்கெல்லாம் இது வேடிக்கை. கிளெனிஸுக்கு இல்லை என்பது, என் பிடரியில் மழிக்கும் கத்தி நின்றுபோன ஒரு நாளில்தான் எனக்குத் தெரிந்தது. "குவிக்லி திட்டட்டும், அந்தாளுக்கு எதுதான் புடிச்சுது. நான் வாழ்க்கையில உருப்படியா ஒண்ணு செஞ்சேன். அத ஊரே பாத்துச்சு, நார்வேக்காரன் பாத்தான். கூடப் படுக்கிறவன் முழுசாப் பாக்கல" என்றார். பிறகு கத்தி நகர்ந்தது. பேச்சு முட்டை விலைக்கு மாறிவிட்டது.

பத்தாம் ஆண்டு என்று சொல்லி, சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊர் மன்றத்தில் அதைத் திரையிட்டார்கள். ஆளுக்கொரு தட்டு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்; தட்டு என்றால் எங்கள் ஊரில் அது நிறையப் பலகாரம் என்று அர்த்தம். நார்வே ரசிகர்கள் இருவர் ஆளுக்கொரு காலித் தட்டைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நின்றார்கள். அதில் லாமிங்டன் கேக்கையும் சாசேஜ் ரோலையும் நிரப்பி, யாரும் சிரிக்காமல் உட்கார வைத்தோம். கிளெனிஸ் பச்சைச் சட்டையில் முதல் வரிசையில் இருந்தார். மெர்வை நடைபாதையிலிருந்து ஐந்தாவது நாற்காலிக்குத் தள்ளி உட்கார வைத்திருந்தார். எழுந்தால் நான்கு பேர் முழங்காலைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசலிலேயே எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியும் இருந்தார்: "இன்னிக்கு எழுந்து போனேன்னா அப்படியே போயிரு மெர்வ். வீட்டுப் பக்கம் வராத, படகுலயே படுத்துக்க."

விளக்கை அணைத்தார்கள். சாண்ட்விச் தகராறுக்கு எதிர்ப்பாளர்கள் கொட்டாவி விட்டார்கள், ஆதரவாளர்கள் அவர்களை முறைத்தார்கள். சின்ன அதிகாரி போர்வையை நோக்கிக் குனிந்தபோது முதல் வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. மெர்வ் எழுந்துவிட்டார், முதல் முழங்காலையும் தாண்டிவிட்டார். ஊர் திரையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தது.

கிளெனிஸ் அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தார். "அவ்ளோ போர் அடிக்குதா உனக்கு?"

மெர்வ் திரும்பவில்லை. "போர்னு யாரு சொன்னா."

"பின்ன?"

திரையில் கிளெனிஸின் முகம் சுவரளவுக்கு நின்றது, வெளுத்து, வாய் லேசாகத் திறந்து. மெர்வ் அதைப் பார்க்காமல் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு பேசினார். ஒரு மாதத்து வார்த்தைகளை ஒரே மூச்சில் செலவழித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"நீ வாய மூடி நான் பாத்ததே இல்ல, கிளென். தூக்கத்துல கூடப் பேசுவ. அங்க அது பேசவே மாட்டேங்குது. எத்தன தடவ போட்டாலும் பேசமாட்டேங்குது. என்னால அதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியல."

மன்றத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். கிளெனிஸ் சட்டையை விடவில்லை. இழுத்தார். மெர்வ் உட்கார்ந்தார்.

பிறகு கிளெனிஸ், பத்து வருடத்தில் முதல் முறையாக, அந்தப் பகுதி ஓடும்போது பேச ஆரம்பித்தார். மெர்வின் காதருகே சாய்ந்து, கிசுகிசுப்பு என்று தானே நம்பிய குரலில், அன்று கொட்டகையில் எலி ஓடியதையும், டோரீன் மகள் ஒரு தச்சனோடு சுற்றுவதையும், ராத்திரிக்கு மீன் இருப்பதையும் சொல்லிக்கொண்டே போனார். பின் வரிசையில் குவிக்லி "உஷ்" என்றார். நார்வேக்காரர்களும் "உஷ்" என்றார்கள். கட்சி வேறுபாடு இல்லாமல் மன்றம் முழுவதும் "உஷ்" என்றது. அதற்குள் கிளெனிஸ் தச்சனுடைய முதல் மனைவியின் கதைக்கு வந்திருந்தார்.

திரையில் போர்வையை மறுபடி இழுத்து அவர் முகத்தை மூடினார்கள். மெர்வ் இந்த முறை கண்ணை எடுக்கவில்லை. தலையை மட்டும் இடப்பக்கம், மனைவியின் வாயருகே, இன்னும் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு "ம்" கொட்டினார்.